குழந்தைகள் நல அறிக்கைகளை ஒருங்கிணைப்பது: கெடு நெருங்கும்போது மட்டும் ஓடாமல் இருக்க என்ன வழி?

இணைப்பு மேசை எழுதியது:

வணக்கம். ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் கீழ் அரசு அடுத்து அனுப்ப வேண்டிய காலமுறை அறிக்கையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு எங்கள் பிரிவிடம் வந்திருக்கிறது. எந்த நாடு, எந்த அமைச்சகம் என்று சொல்ல முடியாது, அது இங்கே தேவையும் இல்லை. இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தலைவலிதான் என்று நினைக்கிறேன்.

எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போய்விட்டது, பதில்களும் வரத் தொடங்கிவிட்டன. கல்வித் துறை பள்ளிச் சேர்க்கை எண்ணிக்கையை அனுப்பியிருக்கிறது, சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் தொடர்ந்து படிக்கிறார்கள் என்பது அதில் இல்லை. சுகாதாரத் துறை திட்டங்களின் பெயர்களையும் தொடங்கிய தேதிகளையும் வரிசையாக எழுதியிருக்கிறது. காவல் துறை வழக்குகளைச் சட்டப் பிரிவு வாரியாகக் கொடுத்திருக்கிறது, பாதிக்கப்பட்ட குழந்தையின் வயது எந்தக் கட்டத்திலும் கிடையாது. ஒரு துறையின் பதில் போன அறிக்கையில் இருந்த அதே பத்தி, ஆண்டு மட்டும் மாறியிருக்கிறது.

இது போக, இன்னொரு பிரிவு நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான தன்னார்வ மீளாய்வைத் தயாரிக்கிறது. வெளியுறவுத் துறை மனித உரிமைப் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு விவரம் கேட்கிறது. தொழிலாளர் துறை குழந்தைத் தொழிலாளர் உடன்படிக்கைகளுக்குத் தனியாக எழுதுகிறது. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கை, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை, எல்லாவற்றிலும் குழந்தைகள் பற்றி ஒரு பகுதி உண்டு. எல்லாம் அதே குழந்தைகளைப் பற்றியதுதான், ஆனால் ஒரு அறிக்கையில் இருக்கும் எண் அடுத்ததில் இல்லை. இதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவர முடியுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பழைய வரைவாளர் எழுதியது:

முடியும். ஆனால் அறிக்கைகளை ஒன்றாக்க முயற்சி செய்யாதீர்கள், அறிக்கைகளுக்கு அடியில் இருக்கும் தகவலை ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் தனிக் கேள்வி, தனிக் கால அட்டவணை. உடன்படிக்கையின் 44-வது பிரிவின்படி முதல் அறிக்கை இரண்டு ஆண்டில், அப்புறம் ஐந்து ஆண்டுக்கு ஒன்று. பேரவையின் மீளாய்வு நாலரை ஆண்டுக்கு ஒருமுறை. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கை நான்கு ஆண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138 (வேலைக்குச் சேரக் குறைந்தபட்ச வயது), 182 (குழந்தைத் தொழிலின் மிக மோசமான வகைகள்) இரண்டும் அடிப்படை உடன்படிக்கைகள் என்பதால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதியாக வேண்டும். இந்தத் தேதிகளை எல்லாம் ஒரே நாட்காட்டியில் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய வருடா வருடம் ஏதாவது ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்படி இருக்கும்போது ஒவ்வொரு முறையும் வெறுந்தாளில் தொடங்குவது யாருக்காக?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கல் புதிதல்ல. 1989 நவம்பர் 20 அன்று உடன்படிக்கை ஏற்கப்பட்டது, 1990 செப்டம்பர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் நியூயார்க்கில் உலகக் குழந்தைகள் உச்சி மாநாடு, 71 நாட்டுத் தலைவர்கள் வந்து உட்கார்ந்து 2000-க்குள் சாதிப்போம் என்று இலக்குகளை ஒப்புக்கொண்டார்கள். அந்த இலக்குகள் எந்த அளவில் நிற்கின்றன என்று பார்க்கப் போனபோதுதான் பல நாடுகளிடம் எண்ணே இல்லை என்பது தெரிந்தது. யுனிசெஃப் 1990-களின் நடுவில் தொடங்கிய பல்குறியீட்டுக் கொத்துக் கணக்கெடுப்பு அந்தத் தேவையில் பிறந்ததுதான். இன்று குழந்தைகள் பற்றி நாம் நம்பி எடுத்துப் போடும் பல எண்கள் அந்த வகைக் கணக்கெடுப்புகளிலிருந்து வருகின்றன. முன்னேற்றத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்ததால்தான் அளக்கவே ஆரம்பித்தார்கள். அதனால் அறிக்கை எழுதுவது வெறும் காகித வேலை என்று யாராவது உங்கள் அலுவலகத்தில் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். உடன்படிக்கையின் பிரிவுகளை 1, 2, 3 என்று வைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். போன முறை ஜெனிவாவில் குழு, அதாவது அரசுகளின் அறிக்கைகளைப் பரிசீலிக்கும் ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் குழு, உங்கள் நாட்டுக்குக் கொடுத்த நிறைவுக் கருத்துகளை (பரிசீலனை முடிவில் தரும் பரிந்துரைகள்) எடுங்கள். ஒவ்வொரு பரிந்துரையையும் தனி வரியாக உடையுங்கள். பரிந்துரை ஒரே வாக்கியத்தில் நான்கு வேலையைச் சொல்லும், அதை நான்கு வரியாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றைச் செய்துவிட்டு நான்கையும் செய்ததாக எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முதன்மைத் துறை. 'சம்பந்தப்பட்ட அனைத்துத் துறைகளும்' என்று அந்தக் கட்டத்தில் எழுதினால் யாருக்கும் அந்தப் பொறுப்பு இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் 44-வது பிரிவையே முழுக்க ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டாம் உட்பிரிவு, கடமைகளை நிறைவேற்றுவதைப் பாதிக்கும் காரணிகளும் இடர்ப்பாடுகளும் இருந்தால் அவற்றையும் காட்டச் சொல்கிறது. மூன்றாம் உட்பிரிவு, முதல் அறிக்கையில் விரிவாகச் சொன்ன அடிப்படைத் தகவலைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. அரசியல் சட்டம், நில அமைப்பு, மக்கள்தொகை எல்லாம் பொது மைய ஆவணத்துக்கு (எல்லா மனித உரிமை உடன்படிக்கைகளுக்கும் பொதுவாக ஒரு நாடு கொடுக்கும் அறிமுக ஆவணம்) போகட்டும். 2014-ல் பொதுச்சபை நிறைவேற்றிய 68/268 தீர்மானம் காலமுறை அறிக்கைக்கு 21,200 சொல் என்று வரம்பு போட்டுவிட்டது. திட்டங்களின் பெயர்ப் பட்டியலுக்கு அதில் இடமில்லை.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

புள்ளியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். ஒருங்கிணைப்பு என்றதும் எல்லோரும் கூட்டம், குழு, தொடர்பு அலுவலர் என்று போகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் உடைவது வயது.

உடன்படிக்கையில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். ஆனால் குள்ளத்தன்மையை (வயதுக்கேற்ற உயரம் இல்லாமையை) அளப்பது 5 வயதுக்குக் கீழே. குழந்தைத் தொழிலாளர் குறியீடு 5 முதல் 17 வரை. வீட்டில் அடித்து வளர்ப்பதைப் பற்றிய குறியீடு 1 முதல் 17 வரை. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் 15-லிருந்து தொடங்கி 15–19, 20–24 என்று போகும், அந்த 15–19 கட்டத்தில் குழந்தையும் பெரியவரும் கலந்து கிடப்பார்கள், பிரிக்க வேண்டுமென்றால் மூலத் தரவுக்குப் போக வேண்டும். காவல் துறையில் சில இடங்களில் 16 ஒரு எல்லை, சில இடங்களில் 14 ஒரு எல்லை. நீங்கள் இதையெல்லாம் ஒரே அட்டவணையில் 'குழந்தைகள்' என்ற தலைப்பின் கீழ் போட்டால் அது பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

குழந்தைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீடு இன்றைய குழந்தைகளைக் கேட்பதில்லை. இப்போது 20 முதல் 24 வயதில் இருக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு 18-க்கு முன்னால் திருமணம் ஆனது என்று கேட்கிறது. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது: 16 வயதுப் பெண்ணிடம் இன்று கேட்டு இல்லை என்று பதில் வந்தால், அவளுக்கு 17 வயதில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இதன் விளைவு என்ன? போன வருடம் கொண்டுவந்த சட்டத்தின் பலன் இந்த எண்ணில் தெரிய சில ஆண்டுகள் ஆகும். சட்டம் கொண்டுவந்த பத்தியில், அதன் கீழேயே இந்த எண்ணைப் போட்டு, குறைந்திருக்கிறது பாருங்கள் என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது உண்மையாக இருக்கலாம், காரணம் அந்தச் சட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொன்று. வீட்டுக் கணக்கெடுப்பு வீட்டில் இருப்பவர்களைத்தான் எண்ணும். விடுதிகளில், காப்பகங்களில், தடுப்பு மையங்களில், தெருவில் இருக்கும் குழந்தைகள் அதில் வரவே மாட்டார்கள். உடன்படிக்கை அதிகம் கவலைப்படுவது அவர்களைப் பற்றித்தான். அதனால் அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வையுங்கள்: இந்த எண்ணில் யார் இல்லை. அதை நிரப்பச் சொன்னாலே துறைகள் யோசிக்க ஆரம்பிக்கும்.


இணைப்பு மேசை எழுதியது:

'யார் இல்லை' கட்டத்தை இன்றே சேர்த்துவிட்டேன். நன்றி. ஒரு சந்தேகம்: இரண்டு துறைகள் ஒரே விஷயத்துக்கு வேறு வேறு எண் கொடுத்தால் எதைப் போடுவது? பிறப்புப் பதிவு விஷயத்தில் இது வந்திருக்கிறது. பதிவகத்தின் எண் ஒன்று, கணக்கெடுப்பு எண் வேறு.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

இரண்டையும் போடுங்கள். பதிவகம் சொல்வது அந்த ஆண்டு எத்தனை பிறப்பு பதிவானது என்பதை. கணக்கெடுப்பு சொல்வது 5 வயதுக்குட்பட்டவர்களில் பதிவான குழந்தைகள் எத்தனை சதவீதம் என்று வீட்டில் சொன்னார்கள் என்பதை, அதுவும் சான்றிதழைக் கையில் பார்த்தார்களா, வாய்ச்சொல்லா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே ஒரு தகவல். சராசரி எடுத்து நடுவில் ஒரு எண்ணை மட்டும் உருவாக்காதீர்கள், தயவுசெய்து.


மாற்று அறிக்கை எழுதியது:

பழைய வரைவாளர் சொன்ன அட்டவணை யோசனையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது பற்றி எனக்குப் பயம் இருக்கிறது. நான் குடிமைச் சமூக அமைப்புகளின் கூட்டமைப்பில், அரசின் அறிக்கைக்குப் பக்கத்தில் குழுவுக்குத் தனியாகப் போகும் மாற்று அறிக்கை எழுதும் பக்கம் இருப்பவள்.

ஒருங்கிணைப்பு நன்றாக நடக்கும் இடங்களில் என்ன ஆகிறது என்றால், வரைவு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும், ஒவ்வொரு துறையும் தனக்குச் சங்கடமான ஒரு வரியை மெதுவாக்கும். 'பராமரிப்பு இல்லங்களில் குழந்தைகள் அடிக்கப்படுகிறார்கள் என்று புகார்கள் வந்துள்ளன, விசாரணை முடிந்தவை குறைவு' என்று முதல் வரைவில் இருக்கும். கடைசி வரைவில் 'பராமரிப்பு இல்லங்களின் கண்காணிப்பை வலுப்படுத்த நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன' என்று நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அடிபட்ட குழந்தை அந்த வாக்கியத்தில் இருந்து காணாமல் போய்விட்டது.

அதனால்தான் உடன்படிக்கையின் 45-வது பிரிவு அரசின் வாயிலிருந்து மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. யுனிசெஃப், ஐ.நா.வின் சிறப்பு முகமைகள், தகுதியுள்ள பிற அமைப்புகள் என்று அது கதவைத் திறந்து வைக்கிறது, அந்தக் கதவு வழியாகத்தான் எங்கள் அறிக்கைகள் போகின்றன. குழு அரசோடு பேசுவதற்கு முன் எங்களைத் தனியாகச் சந்திக்கிறது.

இப்போது என் வேண்டுகோள். கலந்தாலோசனைக்கு எங்களைக் கூப்பிடுங்கள், தரவைக் காட்டுங்கள், நாங்கள் தவறு என்று சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அரசின் அறிக்கையில் 'குடிமைச் சமூகத்தின் ஒப்புதலோடு தயாரிக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை என்று எழுதுங்கள், போதும்.


பழைய வரைவாளர் எழுதியது:

சகோதரி சொல்வது நியாயம், ஒரு வார்த்தை கூட மறுக்க மாட்டேன். வரைவு மழுங்குவதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது: துறைகளுக்கு வாக்கியத்தை அனுப்பி ஒப்புதல் கேட்காதீர்கள், அட்டவணையை அனுப்பி உண்மையா என்று கேளுங்கள். எண் சரியா, தேதி சரியா, ஆவணம் இதுதானா. இந்த மூன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் வரும். வாக்கியம் ஒருங்கிணைப்பு மேசையின் பொறுப்பு. அதை மாற்ற வேண்டுமானால் அட்டவணையில் இருக்கும் உண்மையை மாற்றிக் காட்ட வேண்டும், அதற்கு ஆவணம் வேண்டும்.

ஆனால் இதைச் செய்ய அந்த மேசைக்கு அதிகாரம் வேண்டும், இங்கேதான் பெரிய சிக்கல். பல நாடுகளில் குழந்தைகளுக்கான துறை அமைச்சரவையிலேயே கடைசி நாற்காலியில் இருக்கும், பட்ஜெட்டும் சின்னது. அவர்கள் உள்துறைக்கு நினைவூட்டல் கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். குழு 2003-ல் வெளியிட்ட ஐந்தாம் பொதுக் கருத்துரையில் (உடன்படிக்கையை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று குழு தரும் விளக்கம்) இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது: சிறப்புப் பிரிவு ஒன்று வைப்பதானால் அது பிரதமருக்கோ குடியரசுத் தலைவருக்கோ அமைச்சரவைக் குழுவுக்கோ நேராகப் பதில் சொல்லும் உயர் அதிகாரத்தோடு இருந்தால்தான் பயன்.

அதற்கு அடுத்த கட்டமாகத்தான் மனித உரிமைகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் 2016-ல் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது, அறிக்கை, தொடர்நடவடிக்கை இரண்டுக்கும் நிலையான தேசிய அமைப்பு வேண்டும் என்று. அதில் நான்கு திறன்கள் சொல்லப்படுகின்றன: சர்வதேச அமைப்புகளோடு தொடர்பு, துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு, வெளியாரோடு கலந்தாலோசனை, தகவல் மேலாண்மை. பெரும்பாலான இடங்களில் முதல் இரண்டைப் பற்றித்தான் பேச்சு. தகவல் மேலாண்மை என்றால் ஒருவருடைய கணினியில் இருக்கும் எக்செல் கோப்பு, அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் போயிற்று. பராகுவே இதில் முன்னோடி, தனக்கு வந்த சர்வதேசப் பரிந்துரைகள் எல்லாவற்றையும் சிமோரே என்ற பொது இணையத் தளத்தில் போட்டு, எந்தத் துறை பொறுப்பு, என்ன நடந்திருக்கிறது என்று மக்களே பார்க்கும்படி வைத்தது. பிறகு வேறு சில நாடுகளும் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டன.


கேள்விக்குறி எழுதியது:

எல்லோரும் பொறுமையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் நேராகக் கேட்கிறேன். இதனால் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது? நிலையான வளர்ச்சி இலக்கு 8.7, 2025-க்குள் எல்லா வகைக் குழந்தைத் தொழிலையும் ஒழிப்போம் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில் 2024-ல் இன்னும் ஏறக்குறைய 13.8 கோடி குழந்தைகள் வேலையில் இருக்கிறார்கள். 182-வது உடன்படிக்கையை அந்த அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளும் 2020-ல் ஏற்று முடித்தாகிவிட்டது, அதன் வரலாற்றிலேயே அப்படி ஏற்கப்பட்ட முதல் உடன்படிக்கை அதுதான். எல்லோரும் கையெழுத்துப் போட்டும் இதுதான் நிலை. அறிக்கைக்குச் செலவாகும் ஆள் நேரத்தைக் களத்தில் போட்டால் என்ன?


நிதிப் பக்கம் எழுதியது:

கேள்வி சரியானது, ஆனால் பாதி எண்ணைத்தான் சொல்கிறீர்கள். அதே மதிப்பீட்டு வரிசையில் 2020-ல் இருந்தது 16 கோடி. நான்கு ஆண்டில் 2 கோடிக்கு மேல் குறைந்திருக்கிறது. 5 வயது நிறையும் முன் இறக்கும் குழந்தைகள் 1990-ல் ஆண்டுக்கு சுமார் 1.28 கோடி, 2023-ல் சுமார் 48 லட்சம். இதெல்லாம் அறிக்கையால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தடுப்பூசி, குடிநீர், தாய்மார் கல்வி, மருத்துவமனைப் பிரசவம், இவைதான் காரணம். ஆனால் எங்கே குறையவில்லை என்று காட்டியது யார்? பிறந்த முதல் மாதத்து இறப்புகள் மற்ற வயதுகளை விட மெதுவாகக் குறைகின்றன என்று தெரிந்தது, தொடர்ந்து எண்ணி, ஒரே அளவுகோலில் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான். அதனால்தான் நிலையான வளர்ச்சி இலக்கு 3.2-ல் ஆயிரம் பிறப்புக்கு 25 என்று ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும், 12 என்று பச்சிளம் குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் போட்டார்கள்.

களத்துக்கும் அறிக்கைக்கும் நடுவில் இருப்பது பணம், அதைப் பற்றி இந்த இழையில் இதுவரை யாரும் பேசவில்லை. உடன்படிக்கையின் 4-வது பிரிவு, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்குத் தன்னிடம் உள்ள வளங்களின் உச்ச அளவுக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பட்ஜெட்டில் குழந்தைகளுக்கு என்ன பங்கு என்று தெரியாத அரசு தன் கடமையைச் செய்கிறதா என்று சொல்லவே முடியாது என்பது ஐந்தாம் பொதுக் கருத்துரையிலேயே இருக்கிறது. 2016-ல் வந்த 19-ஆம் பொதுக் கருத்துரை முழுக்கவே பொது பட்ஜெட் பற்றியது: திட்டமிடுதல், சட்டமாக்குதல், செலவிடுதல், பிறகு சரிபார்த்தல் என்று நான்கு கட்டத்திலும் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறது.

அதனால் இணைப்பு மேசைக்கு என் யோசனை: முதல் கூட்டத்துக்கே நிதித் துறையைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு பரிந்துரை வரிக்கும் ஒதுக்கீடு எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று இரண்டு கட்டம் வையுங்கள். ஒதுக்கீட்டை மட்டும் போட்டால் எல்லாம் நடந்த மாதிரித் தெரியும். செலவையும் சேர்த்தால்தான் எந்தத் திட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று புரியும். ஒதுக்கியதில் கால்வாசி கூடச் செலவாகாத வரியைப் பார்த்துவிட்டு, அதே திட்டத்துக்கு இன்னும் பணம் வேண்டும் என்று குழுவிடம் எழுத முடியாது. ஏன் செலவாகவில்லை என்று முதலில் உள்ளே கேட்க வேண்டும். ஆள் நியமனம் நடக்கவில்லையா, விதிகள் வெளிவரவில்லையா, நிதி ஆண்டுக் கடைசியில்தான் விடுவிக்கப்பட்டதா. கேள்விக்குறி கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான். அறிக்கை வேலை இந்தக் கேள்வியை எழுப்பினால் அது களத்து வேலைதான்.


கேள்விக்குறி எழுதியது:

ஒதுக்கீடு, செலவு இரண்டையும் வெளியே காட்டுவார்கள் என்றால் நான் என் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். காட்டுவார்களா என்பதுதான் என் சந்தேகம். நான் பார்த்த வரையில் பட்ஜெட் பத்தி எப்போதும் மொத்தத் தொகையோடு நின்றுவிடுகிறது.


மாற்று அறிக்கை எழுதியது:

காட்டாவிட்டால் நாங்கள் காட்டுவோம். பட்ஜெட் ஆவணங்கள் பொதுவில் இருக்கும் நாடுகளில் மாற்று அறிக்கைகளில் இதைத்தான் முதலில் எடுக்கிறோம்.


சிறார் குரல் துணை எழுதியது:

இவ்வளவு பேசியும் குழந்தைகள் இன்னும் இந்த அறைக்குள் வரவில்லையே. 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை. 42-வது பிரிவு, உடன்படிக்கையைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. 44-ன் கடைசி உட்பிரிவு, அரசு தன் அறிக்கைகளைத் தன் நாட்டு மக்களுக்குப் பரவலாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. இந்தக் கடைசிக் கடமைதான் எல்லா இடத்திலும் மறக்கப்படுகிறது. அறிக்கை ஜெனிவாவுக்குப் போகிறது, ஐ.நா. தளத்தில் கிடக்கிறது, அது யாரைப் பற்றியதோ அவர்கள் மொழியில் ஒரு பக்கம் கூட இல்லை.

நான் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் குழுக்களோடு வேலை செய்கிறேன். பெரியவர்கள் தயாரித்த கேள்வித்தாளை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடுவார்கள், அதில் ஒன்றும் இருக்காது. முந்தைய நிறைவுக் கருத்துகளில் நாலைந்தை எளிய மொழியில் எழுதிக் கொடுத்து, இது உங்கள் பள்ளியில் நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். உடல் தண்டனை பற்றிய பரிந்துரையை அப்படிக் கொடுத்தபோது ஒரு பெண், அடிப்பது நின்றுவிட்டது, ஆனால் நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள், அது எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டாள். எந்தத் துறையின் பதிலிலும் அந்த விவரம் இல்லை. புகார் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றுதான் இருந்தது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சுற்றுச்சூழல், காலநிலை பற்றிய 26-ஆம் பொதுக் கருத்துரைக்கு 121 நாடுகளின் குழந்தைகளிடமிருந்து 16,331 கருத்துகள் வந்தன, 2023-ல் அந்த உரை வெளியானது. உலக அளவில் இது முடியும்போது ஒரு நாட்டுக்குள் முடியாதா?

ஆனால் இரண்டு விஷயம் கண்டிப்பாக வேண்டும். ஒன்று பாதுகாப்பு. சொன்ன பிள்ளையை, சொன்ன பள்ளியை, இல்லத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி எழுத வேண்டும், சொல்லும்போதே ஆபத்து தெரிந்தால் யாரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். இன்னொன்று, திரும்பிப் போய்ச் சொல்வது. நீங்கள் சொன்னதில் இது அறிக்கையில் வந்தது, இது வரவில்லை, காரணம் இது என்று அதே பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டாவது முறை அவர்களைக் கூப்பிட நமக்கு உரிமை இல்லை.


மாகாணத்திலிருந்து எழுதியது:

அதிகாரம் பிரிந்து கிடக்கும் நாடுகளில் இன்னொரு தொல்லை. பள்ளி, மருத்துவமனை, காப்பகம் எல்லாம் மாகாணத்திடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும், உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது மத்திய அரசு. குழு இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது: அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தாலும் பொறுப்பு மத்திய அரசை விட்டுப் போகாது. எங்களுக்கு மத்தியிலிருந்து வரும் படிவம் கெடுவுக்கு மூன்று வாரம் முன்னால் வருகிறது, நாங்கள் கையில் இருக்கும் எண்ணை அனுப்பிவிடுகிறோம். அப்புறம் நிறைவுக் கருத்துகள் வரும், அதை எங்களுக்கு யாரும் அனுப்புவதே இல்லை. எங்களைப் பற்றிய பரிந்துரையை நாங்கள் செய்தித்தாளில் படிக்கிறோம்.

ஒருங்கிணைப்பு என்றால் கீழிருந்து தகவலை மேலே இழுப்பது என்று மட்டும் நினைக்கிறார்கள். மேலே வந்த பரிந்துரையைக் கீழே கொண்டுவருவதும் அதே மேசையின் வேலை இல்லையா?


இணைப்பு மேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் மேலிடத்தில் பேசி இவ்வளவுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். போன நிறைவுக் கருத்துகளை வரி வரியாக உடைத்து ஒரு பொது அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு முதன்மைத் துறை, ஒரு அலுவலர், அவருக்கு மாற்று ஒருவர். எண், அதன் மூலம், வயது வரம்பு, யார் இல்லை, ஒதுக்கீடு, செலவு, இடர்ப்பாடு. அதே வரியில் எந்த நிலையான வளர்ச்சி இலக்கோடு, எந்தத் தொழிலாளர் உடன்படிக்கையோடு சேரும் என்று ஒரு குறிப்பு, மற்ற பிரிவுகள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மாகாணங்களுக்கு அவர்கள் சம்பந்தப்பட்ட வரிகள் மட்டும் தனியாகப் போகும், இந்த மாதமே.

நிதித் துறை கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டது, செலவுக் கட்டத்தை வெளியிட இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு கேள்வி மிச்சம். உடன்படிக்கையோடு சேர்ந்த விருப்ப நெறிமுறைகளில் (நாடுகள் தனியாக ஏற்கும் கூடுதல் ஒப்பந்தங்கள்) அறிக்கை கேட்கும் இரண்டுக்கும் தனி அறிக்கை வேண்டுமா? அட்டவணையை எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?


பழைய வரைவாளர் எழுதியது:

ஆயுத மோதல் பற்றியது, குழந்தைகள் விற்பனை பற்றியது இரண்டுக்கும் முதல் அறிக்கை மட்டும் தனி, அது இரண்டு ஆண்டுக்குள். அதை அனுப்பிவிட்டிருந்தால் அப்புறம் வரும் தகவலை உடன்படிக்கை அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும். முதல் அறிக்கையே போகாமல் பாக்கி இருந்தால் அதை முதலில் முடியுங்கள். பல நாடுகளில் அந்தப் பாக்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

எளிமைப்படுத்திய நடைமுறை பற்றியும் விசாரியுங்கள். அதில் குழு முன்கூட்டியே கேள்விப் பட்டியலை அனுப்பும், உங்கள் பதிலே அறிக்கையாகிவிடும். உங்கள் அட்டவணை தயாராக இருந்தால் அது மிகவும் வசதி. தயாராக இல்லாவிட்டால் இன்னும் நெருக்கடி, ஏனென்றால் கேள்விகள் குறிப்பாக இருக்கும், பொதுவாக எழுதித் தப்ப முடியாது. அப்புறம் நேரில் நடக்கும் உரையாடல் வழக்கமாக மூன்று மணி நேர அமர்வு இரண்டு. 18 பேர் கொண்ட குழுவில் உங்கள் நாட்டுக்கென்று பொறுப்பேற்றவர்கள் முழுதும் படித்துவிட்டு வந்திருப்பார்கள். தூதுக்குழுவில் அட்டவணையை நிரப்பிய ஆட்களில் இரண்டு பேராவது இருக்கட்டும்.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

புதுப்பிப்பு: பதிவேட்டு எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு எண்களைக் கணக்கெடுப்பு வரும்போது மட்டும். பழைய எண்ணை அழிக்காதீர்கள், தேதியோடு பக்கத்தில் வைத்துக்கொண்டே போங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பல நாடுகள் நம்பியிருந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் 2025-ல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதால் பாதியில் நின்றது. 1984-லிருந்து ஓடிய திட்டம். உங்கள் எண்களில் எத்தனை அதிலிருந்து வருகின்றன என்று இப்போதே பாருங்கள், அடுத்த அறிக்கைக்கு அந்த இடங்கள் காலியாக இருக்கலாம். பதிவேடுகளைச் சரிசெய்யும் வேலையை அதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்.


சிறார் குரல் துணை எழுதியது:

அட்டவணையில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது: இந்த வரியைப் பற்றிக் குழந்தைகள் என்ன சொன்னார்கள், அவர்களுக்கு எப்போது பதில் சொன்னோம்.


இணைப்பு மேசை எழுதியது:

சேர்த்துவிட்டேன் அக்கா. தேதியில்லாமல் அந்த வரி முடிந்ததாகக் கணக்கில் வராது என்று குறிப்பும் போட்டிருக்கிறேன். மாகாணத்திலிருந்து எழுதியவர் தனிச்செய்தியில் வந்தால் உங்கள் பக்கம் அனுப்ப வேண்டிய வரிகளின் மாதிரியைக் காட்டுகிறேன், படிவம் உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


மாகாணத்திலிருந்து எழுதியது:

அனுப்புங்கள். எங்கள் காப்பகப் பதிவேட்டில் வயதை எழுதும் கட்டம் இல்லை, பிறந்த தேதி மட்டும்தான் இருக்கிறது, பாதிப் பேருக்கு அதுவும் ஊகம். 'வயது எப்படித் தெரிந்தது' என்று ஒரு கட்டத்தை உங்கள் படிவத்திலேயே வைத்தால் எங்கள் ஆட்களும் இனி அப்படியே பதிவார்கள்.